ஒப்பிடுக: பத்து மதிப்பெண்

நாளிதழ் அ:
"தொப்பூர் கணவாயில் தக்காளி லாரி கவிழ்ந்தது."
நாளிதழ் ஆ:
"போட்டி போட்டு அள்ளிச் சென்ற கிராம மக்கள்."
தொலைக்காட்சி, கீழே ஓடும் எழுத்தில்:
"இலவசத் தக்காளி! குவிந்தது கூட்டம்!"

ஸ்கேல் வைத்துக் கோடு இழுத்து
மூன்று பத்தி பிரித்தேன்.
தலைப்பு, வினைச்சொல், படம் எடுத்த கோணம்,
யார் பேசினார்கள், யாரைப் பேசவிடவில்லை.

கவிழ்ந்தது என்றால்
லாரி தானாகவே கவிழ்ந்துகொண்டது.
எட்டாம் வகுப்பில் உருப்போட்ட
தன்வினை பிறவினைக்கு
தர்மபுரி கல்லூரிக்கு வந்துதான் வேலை கிடைத்தது.
சாலையின் சரிவு ஒரு வரியிலும் இல்லை.
ராயக்கோட்டை மண்டியிலிருந்து
அந்த வாரம் அது நான்காவது நடை என்பதும் இல்லை.
அ-வில் அவர் தீர்த்தகிரி, வயது 43, லேசான காயம்.
ஆ-வில் வெறும் டிரைவர்.
தொலைக்காட்சியில் அவருக்கு அடிபடவே இல்லை,
ஆளே இல்லை.

மெஹ்ருன்னிசா மேடம் பெஞ்சு பெஞ்சாக வந்தார்.
"படத்தையும் வாசிங்க.
கேமரா யாருக்கு மேல நிக்குதுன்னு பாருங்க."

மேட்டின் மேல் நிற்கிறது.
கீழே முழுக்க முதுகுகள்.
குனிந்தவர்களுக்கு முகம் தேவைப்படவில்லை.
இடமிருந்து மூன்றாவது முதுகில்
பச்சை ரவிக்கை, தோள்பட்டைக் கிழிசலில்
கறுப்பு நூல் தையல்.
பச்சை நூல் தீர்ந்துபோய்
நான் போட்ட தையல்.

அம்மா சுங்கச்சாவடியில்
வெள்ளரிக்காய் விற்கிறாள்.
அன்றைக்கு மண்டி ஆள் வந்து
நசுங்காததைப் பொறுக்கிப் போடுங்க,
கிரேடுக்கு இருபது ரூபாய் என்றான்.
ஐந்து கிரேடு போட்டாள்.
எண்பதுதான் கொடுத்தான்.

நான்காவதாக ஒரு பத்தி இழுத்து
அதையெல்லாம் எழுதினேன்.
"ஆதாரம்?" என்று
ஓரத்தில் பென்சிலால் கேட்டிருந்தார் மேடம்.
மூன்று செய்தியிலும் கற்றுக்கொண்டதை வைத்து
பதில் எழுதினேன்:
சம்பவ இடத்தில் இருந்த,
பெயர் வெளியிட விரும்பாத ஒருவர்.

ஏழு போட்டிருந்தார்.
போன மூன்று எதற்கென்று
எல்லோரும் கேட்டார்கள், நான் கேட்கவில்லை.

மடியில் முடிந்து
அம்மா கொண்டுவந்த இரண்டு கிலோவும்,
ஒருபக்கம் வெடித்த அந்தப் பழத்தில்
நான்கு நாள் வைத்த ரசமும்
என் பத்தியிலும் இல்லை.
எடுத்தாளா, அள்ளினாளா, கொண்டுவந்தாளா,
வினைச்சொல் பிடிபடாமல்
அந்த வாக்கியத்தையே விட்டுவிட்டேன்.
இடம் இருந்தது.
இரண்டு வரி காலியாகவே இருந்தது.