எட்டாம் எண் எஞ்சின், மேகமூட்டம்

கவுண்டி நூலகத்தின் பின்னறையில்
ஹீட்டர் வேலைசெய்யாத பிப்ரவரியில்
பிஸ்கட் டின் ஒன்றைத் திறக்கிறேன்.
நூற்றுப் பதினெட்டு நெகட்டிவ்கள்,
ஒவ்வொன்றும் தனித்தனிக் காகித உறையில்.
உறைமேல் பென்சிலில்
ரெஜினால்ட் தோர்ப்பின் சீரான கையெழுத்து:
'டிரம்கில்லா கேட். எட்டாம் எண் எஞ்சின்.
மதியம் இரண்டு பத்து. மேகமூட்டம்.'

லங்காஷயரில் பல் வைத்தியர்.
கோடைதோறும் கப்பலேறி வந்து
மூன்றடி அகலத் தண்டவாளங்களை
அயர்லாந்து பிடுங்கிப்போடும் முன்
படம்பிடித்துக்கொண்டு போனவர்.
பல் எண்ணுகிற கவனத்தோடு
சக்கரம் எண்ணியிருக்கிறார்:
முன்னால் நான்கு, நடுவில் நான்கு,
பின்னால் ஒன்றுமில்லை.
புகைபோக்கியின் விரிசலைக்கூடக் குறித்தவர்
மனிதரைப் பற்றி ஒரு சொல் எழுதவில்லை.

ஆனாலும் வந்துவிடுகிறார்கள்.
ஓரமாக, பாதியாக,
சேறு காயாத பூட்ஸாக.
பிளாட்பாரத்துப் பால் கேன்களுக்கு நடுவே
தொப்பியைக் கழற்றலாமா என்று
தயங்கி நிற்கும் ஒரு கை.
சந்தை நாளில் மாட்டு வேகனின் பலகை இடுக்கில்
கன்றுக்குட்டியின் ஒற்றைக் கண்;
அந்த வருடம் முழுக்க
அது ஒன்றுதான் துல்லியமாக விழுந்திருக்கிறது.
கயிறு கட்டிய பெட்டிமேல் உட்கார்ந்த ஒரு பெண்.
பெட்டியில் 'லிவர்பூல்' என்றிருப்பதை
பூதக்கண்ணாடி வைத்துப் படிக்கலாம்.
முகத்தைப் படிக்க முடியாது;
ஷட்டர் மூடுவதற்குள்
யாரோ அவளைக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

டிரம்கில்லா கேட்டில் மட்டும் பதினொரு படங்கள்.
பதினொன்றிலும் ஒரே ஆள்.
ஒன்றில் முழங்கை.
ஒன்றில் ஏப்ரனின் நுனி.
கேட்டைத் தள்ளும் முதுகு.
கொடியில் காயும் போர்வைக்குக் கீழே
இரண்டு கணுக்கால்.
புகை தின்றது போக மிச்சம்.
எல்லாவற்றையும் மேசையில் பரப்பிக் கூட்டிப் பார்த்தேன்,
ஒரு பெண் வரவில்லை.

செவ்வாய்க்கிழமை மலாக்கி கில்ஹூலி வந்தார்
டிராக்டர் எண்ணெய் மணக்க,
நாற்காலி வேண்டாம் என்று நின்றபடி.
முழங்கையைப் பார்த்ததும் சிரித்துவிட்டார்.
"அட்ராக்டா. என் அம்மா.
வாடகையில்லாத வீடு, வாரம் பத்து ஷில்லிங்.
ரயில் தாமதம் என்று
ஒருநாளும் அவளுக்கு யாரும் சொன்னதில்லை.
நாய்க்குத்தான் தெரியும்.
நாய் எழுந்தால் அவளும் எழுவாள், காய்ச்சலிலும்.
என்னைப் பெற்ற ராத்திரி மட்டும்
அப்பா போய் கேட்டை மூடியிருக்கிறார்,
ரயிலுக்குக் குறுக்கே.
எட்டாம் எண் நின்று ஊதிக்கொண்டே இருந்ததாம்.
அந்தச் சத்தத்தில்தான் பிறந்தேன்."

கடைசி ரயில் போன அன்று அழுதாரா என்று கேட்டேன்.
ஊரே அழுததாகத்தான் பழைய பத்திரிகையில் இருக்கிறது.
"அழுகையா?
மறுநாள் பகல் பதினொன்று வரை தூங்கினாள்.
எழுந்து, கேட்டைக் கழற்றி
பன்றிக்கு அடைப்பு கட்டினாள்."

டின்னின் அடியில் ஓர் உறை ஒட்டிக்கொண்டிருந்தது.
பென்சில் இம்முறை அவசரமாகச் சாய்ந்திருக்கிறது:
'எஞ்சின் போய்விட்டது. வீணான பிரேம்.'
விளக்குமேசையில் வைத்தேன்.
வானம் கறுப்பு, தார் வெள்ளை,
திறந்த கேட், வெறும் தண்டவாளம்,
இருபத்தெட்டு வயதில் நரைத்தவள்போல
நடுவில் அவள், தலை முதல் கால் வரை,
லென்ஸை நேராகப் பார்த்து
வாய் திறந்து ஏதோ சொல்கிறாள்.

மலாக்கி நெடுநேரம் குனிந்திருந்தார்.
கண்ணாடியைக் கழற்றினார், மாட்டினார்.
"தேநீர் குடிக்கிறீர்களா என்று கேட்டிருப்பாரோ?" என்றேன்.
"அவளா?
'என் வேலியைவிட்டு இறங்கய்யா' என்றிருப்பாள்."

பிரதிக்கு இரண்டு யூரோ.
ஐந்தை வைத்துவிட்டு மிச்சம் வாங்காமல் போனார்.

கணினியில் 'பொருள்' என்றொரு கட்டம்.
'அட்ராக்டா' என்று தொடங்கினாலே
'ரயில் எஞ்சின்' என்று
தானாக நிரப்பிக்கொள்கிறது.
அழிக்கிறேன்.
நிரப்பிக்கொள்கிறது.
அழிக்கிறேன்.