இரண்டாம் கட்டம்

நாலாம் வகுப்பு பி பிரிவு
வைகைக்குள் இறங்கியது. கால் நனையவில்லை.
ஆரப்பாளையம் பாலத்து நிழலில் மட்டும்
ஓர் எருமை படுக்கும் அளவுக்குத் தண்ணீர்.

பழைய ஸ்பீக்கரில் கழற்றிய காந்தத்தை
பாலித்தீன் பையில் சுற்றி
மணலில் இழுத்தான் இருளப்பன்.
கருகருவென்று முளைத்தது.
"டீச்சர், ஆத்துக்கு மீச!"
ஜெபராணி டீச்சர் குனிந்து பார்த்தார்.
"எத்தன ஸ்பூன் மணல்ல? எழுது."
மூன்று.
தாளில் இரண்டாம் கட்டம் காலி:
வேறோர் இடம்.

ராத்திரி
கப்பலூர் பட்டறையிலிருந்து வந்த அப்பா
கழற்றிப் போட்ட சட்டைமேல்
காந்தத்தை உருட்டினான்.
காலர், பையோரம், கைமடிப்பு,
ஆற்றைவிட அடர்த்தி.

இடம்: அப்பா.
மணல் எத்தனை ஸ்பூன் என்ற கட்டத்தில்தான்
இன்னும்
பென்சிலைக் கடித்துக்கொண்டிருக்கிறான்.