உமிச்சாம்பல்

மில் நின்று ஏழு வருஷம்.
பதிவேட்டில் இன்னும் ஓர் இணைப்பு உயிரோடிருக்கிறது,
காவல் கொட்டகை, ஒற்றை பல்பு.
இரண்டு மாதத்துக்கொருமுறை
அதைப் படிக்கத்தான் நீடாமங்கலத்திலிருந்து
வெண்ணாற்றுக் கரையோடு ஸ்கூட்டியை உருட்டுவேன்.

ஐப்பசி.
மூன்று நாள் பிடித்த மழை
அன்று காலை மட்டும் வாயை மூடியிருந்தது.
கேட்டைத் தள்ளினேன், அசையவில்லை.
பூட்டு இல்லை. பரங்கிக்கொடி
கம்பிக்குக் கம்பி கை கோத்துப் பிடித்திருந்தது.

"முறிச்சிடாதீங்க மேடம்!
சுவர் இடிஞ்ச பக்கமா வாங்க."
டேக் பகதூர்.
ராத்திரி ராத்திரி ஊரைத் தட்டி
நுனி தேய்ந்த பழைய தடிகள் நாலைந்து
அவரைக்குப் பந்தல்கால்களாய் நிற்கின்றன.

முதலாளி அள்ளாமல் விட்டுப்போன
உமிச்சாம்பல் மேடு பாதியாய்க் குறைந்திருந்தது.
கூடை கூடையாய்க் களியில் கலந்து
மண்ணைப் புட்டுமாவாக்கி வைத்திருக்கிறார்கள்,
பிடித்தால் பிடி, விட்டால் உதிரி.
நெல் ஊறிய தொட்டிகளில் கடுகுக்கீரை,
ஒவ்வோர் இலையும் முறத்தளவு.
புகைபோக்கியில் பாதி தூரம் ஏறிய சுரை
அங்கேயே இரண்டைத் தொங்கவிட்டு யோசிக்கிறது.
பாகல், புடல், முள்ளங்கி,
பானையில் புளிக்கிற ஏதோ ஒரு கீரையின் வாடை,
அதற்கு நான் மூக்கைச் சுளித்ததைப் பார்த்து
அவளுக்கு அப்படி ஒரு சிரிப்பு.

பெயர் சுன்மாயா.
சுன் என்றால் பொன்னாம், மாயா என்றால் பாசமாம்.
மாயைக்கு இங்கே என்ன பொருளென்று
நான் சொல்லப் போகவில்லை.

விதையெல்லாம் புகையிலை டப்பாவில் வந்ததாம்,
எல்லையில் போலீஸ்காரன் திறந்து, மோந்து,
தும்மிவிட்டுத் திருப்பிக் கொடுத்தானாம்.
வந்த எதுவும் வீண்போகவில்லை,
சௌசௌ தவிர.
அவள் ஊர்ச் சரிவில் யாரும் கேட்காமலே காய்ப்பது
இங்கே இலை, சுருள், மறுபடி இலை.
நாலு வருஷம்.
"பிடுங்கிடலாமே" என்றேன்.
அவள் ஒரு சுருளை எடுத்துக் கயிற்றில் சுற்றிவிட்டாள்.
அதுதான் பதில் போலிருக்கிறது.

மீட்டரில் முப்பத்தொரு யூனிட்.
அட்டையில் எழுதி நிமிர்வதற்குள்
வண்டியின் முன்னால் இரண்டு பைகள்.
"வாங்கக் கூடாதுங்க, டிபார்ட்மெண்டு ரூல்."
"நீங்க எங்க வாங்கினீங்க? நாங்கதானே வைச்சோம்"
என்கிறார் டேக் பகதூர்.
மேலே ஒரு பொட்டலம், கோலிக்குண்டு போல மிளகாய்.
"ஒண்ணு போதும், ஒரு குழம்புக்கு."
(மூன்று போட்டேன். அன்றிரவு எங்கள் வீட்டில்
யாரும் யாரோடும் பேசவில்லை, மோர் குடித்தோம்.)

கிளம்பும்போதுதான் பார்த்தேன்,
கொட்டகைக்குப் பின்னால் ஒரு பாத்தி முழுக்க
வாடாமல்லி.
மடியில் கொட்டிக்கொண்டு அவள் கோக்கிறாள்,
ஏழோ எட்டோ சரம், எல்லாம் கட்டை குட்டையாய்.
"எந்தச் சாமிக்கு?"
"நாய்க்கு" என்றாள்.
பதினாறு வருஷத் தமிழிலும்
சில சொல் பிசகத்தான் செய்யும் என்று
தலையாட்டிவிட்டு வந்தேன்.

தீபாவளியன்று காலை ரயில்வே கேட்.
போட்டு இருபது நிமிஷம்.
இரண்டு பஸ், ஒரு நெல் லாரி, புதுச்சட்டையில் மாப்பிள்ளைகள்,
பின் சீட்டில் பெண்கள் மடியில் பலகாரத் தூக்கு,
எங்கோ சரவெடி.
வெடிக்கு வெடி ஒடுங்கும் அந்தச் செவலை நாய்
அன்று ஒடுங்காமல் வந்தது,
நெற்றியில் பட்டையாய்க் குங்குமம்,
கழுத்தில் ஊதா மாலை.
லாரிக்காரர் ஹாரனிலிருந்து கையை எடுத்தார்.
கேட்டுக்கு அடியில் குனியக்கூட இல்லை அது,
மாலை மட்டும் லேசாய் உரசியது.
தண்டவாளத்தைத் தாண்டி
மில் இருக்கும் பக்கம் போயிற்று.

நாங்கள் நின்றோம்.
ரயில் இன்னும் கொரடாச்சேரியே தாண்டவில்லை என்றார்கள்.