மொழிபெயர்ப்பாளர் படி

பட்டாளத்தில் பதினேழு வருஷம் பேசிய இந்தி
நாகர்கோவில் செஷன்ஸ் கோர்ட்டில்
கூண்டுக்குப் பக்கத்தில் கொண்டு நிறுத்தியது என்னை.
படி, நாளொன்றுக்கு முந்நூற்றைம்பது.
சாயாக் காசு தனி.

சுக்ரா முண்டா.
குற்றப்பத்திரிகையில் சுக்ரன், சுக்கிரா, சுக்குராம்.
முட்டத்தில் காட்டேஜ் கழுவுகிறவன்.
அவன் வீட்டு மொழி வேறு.
இந்தி அவனுக்கும் என்னைப் போல
வயிற்றுக்காகப் படித்ததுதான்.

மொட்டைமாடியில் மூன்று பேர் இருந்தார்கள்.
பாறைமேல் கிடந்தது வினில் ஜோஸ்.
கூண்டில் இவன்.
மற்றவர் சீரியல் நடிகர்,
அரசுத் தரப்பு நாலாம் சாட்சி.

சாட்சி வந்த அன்று
மணிமேடை வரைக்கும் வண்டி நகரவில்லை.
வாசலில் நின்ற ஏட்டம்மா தொப்பியைக் கழற்றி
முடியைச் சரிசெய்து செல்ஃபி எடுத்தார்.
"இருட்டுதான் சார். எல்லா வடக்கனும்
ஒண்ணுபோலத்தான் இருப்பான்.
ஆனா இவன் மூஞ்சிய மறக்கமாட்டேன்."
அதே குரல்.
எட்டரை மணிக்கு என் வீட்டுக்காரியை
அழவைக்கிற குரல்.

மறக்காத அந்த மூஞ்சியை டிவியில் காட்டினார்கள்.
அது சுக்ரா இல்லை.
ஆரல்வாய்மொழிச் சூளையில் மண் மிதிக்கிற தனேஸ்வர்.
மூன்றாம் நாள் யாரோ அவன் முன்பல்லை உடைத்தார்கள்.
படத்தை மாற்றவில்லை.
யாரும் கேட்கவில்லை.
நானும்.

ராத்திரி எட்டுப் பேர் கட்டம் கட்டமாய் உட்கார்ந்து
தள்ளினான், தள்ளினான் என்றார்கள்.
ஒருத்தர் விசாரணையே வேண்டாம் என்றார்.
மரச்சீனியும் மீன்கறியும் தின்றுகொண்டே கேட்டேன்.
நல்ல சாளை.

காலையில் நீதிபதி கேட்டார்.
நான் கேட்டேன்.
சுக்ரா சொன்னான்: வோ கிர் கயா.
அவர் சாய்ந்தார்.
நான் சொன்னது: அவரைச் சாய்த்தேன் என்கிறான்.

ஒரு ந் போய் ஒரு த் வந்தது.
வாலில் ஒரு 'நான்' ஒட்டிக்கொண்டது.
பொய் சொல்ல நினைக்கவில்லை, சத்தியமாக.
வாயில் எது தயாராக இருந்ததோ
அது வந்தது.

வாசித்துக் காட்டச் சொன்னார்கள்.
தாளைப் பார்த்து அவனுக்கு இந்தியில் வாசிக்கும்போது
அவன் சொன்னதையே சொன்னேன்,
வோ கிர் கயா.
ஆமாம் என்று தலையாட்டினான்.
அவன் பெருவிரலைப் பிடித்து உருட்டியது நான்தான்.
வாசித்துக் காட்டப்பட்டது,
சரியென ஒப்புக்கொண்டார்.

வெளியே பதினோரு மைக்.
"ஒத்துக்கிட்டானா சார்?"
இல்லை, சாய்ந்தார் என்றுதான்... என வாயெடுத்தேன்.
அப்போது தெரிந்தது
தாளில் இருந்த எழுத்து.

திரும்பப் படி ஏறினேன்.
டைப்பிஸ்ட் அம்மா டிபன் பாக்ஸைப்
பையில் வைத்துக்கொண்டிருந்தார்.
ஐந்தேமுக்காலுக்குக் குலசேகரம் பஸ்.
"ஒரு எழுத்தா?
அய்யா கையெழுத்து ஆயாச்சே அண்ணாச்சி.
திங்கக்கெழம வக்கீல்கிட்ட சொல்லி
மனு போட்டுப் பாருங்க."
விளக்கை அணைத்தார்.
"நேர்லயும் அந்த ஆள் அவ்வளவு வெளுப்புதான், இல்லியா?"
பிறகு படியிறங்கும்போது,
"படி வாங்கிட்டீங்கல்லா?"

வாங்கியிருந்தேன்.
சில்லறை இல்லையென்று
ஐந்நூறாகவே தந்திருந்தார்கள்.
ரசீதில் என் கையெழுத்தின் மேல்
அவன் விரல் மசி
கொஞ்சம் இழுபட்டிருந்தது.