பழனாத்தாள் பெயரில்

வங்கிக்கு முப்பது வருட வில்லங்கம் போதுமாம்.
எனக்குப் போதவில்லை.
பத்திர எழுத்தர் ஆறுச்சாமி
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார்:
"பொண்ணு எடுக்கறதுக்குக்கூட
இத்தனை விசாரிக்க மாட்டாங்களுங்க."

கோவையில் தெலுங்கு வீதிக்குப் பின்சந்து.
வாசல் பத்தடி, உள்ளே போகப் போகத் தொண்ணூறு.
மூலப்பத்திரம் பத்தொன்பதாம் வருடத்தது.
தறி நாலும் கடன் எண்ணூறும் வைத்திருந்த சௌடப்பன்
நிதி நிட்சேபம் ஜலம் தரு பாஷாணம் சகலத்தோடும்
சந்திர சூரியர் உள்ளவரை ஆண்டு அனுபவிக்க
இருகூர் ராக்கியண்ணனுக்கு எழுதிக் கொடுத்தது.

சந்திர சூரியர் பதினேழு வருடம் இருந்தார்கள்.

பஞ்சு விலை விழுந்த மாசியில்
ராக்கியண்ணனிடமிருந்து தாமோதரசாமிக்கு.
பஸ் பாடி கட்டியவர்.
கூடத்துத் தூணில் அவர் அடித்த ரிவிட் ஒன்று
பிடுங்க வராமல் இன்னும் சட்டையைக் கிழிக்கிறது.
அப்புறம் சீட்டுக் கம்பெனி சபாபதி.
வாங்கும்போது இருந்த கம்பெனி விற்கும்போது இல்லை.
அப்புறம் நகைப் பட்டறை ஔசேப்பு.
கடையைக் கட்டிய அன்று கூடத்துத் தரையைப் பெயர்த்து
மண்ணை அலசி, ஒட்டியிருந்த தங்கத்தையும்
எடுத்துக்கொண்டு போனாராம்.
நிதி நிட்சேபம் என்று எனக்கு எழுதிக் கொடுத்திருப்பது
அலசிய மண்ணைத்தான்.
விற்றது அவருடைய மருமகன். சார்ஜாவிலிருந்து, பவர் பத்திரத்தில்.

கணக்கு நேராகிவிட்டது என்று கோப்பைக் கட்டினேன்.
மறுநாள் கரண்ட் அட்டை கைக்கு வந்தது.
நுகர்வோர்: ஆ. பழனாத்தாள்.

யாரிவள்?
வாங்கவில்லை, விற்கவில்லை,
சாட்சிக்குக்கூட எங்கும் பெருவிரல் வைக்கவில்லை.
நகல்களை மறுபடியும் விரித்து
இந்த முறை நடுப்பக்கங்களைப் படித்தேன்.
ஐம்பத்தெட்டாம் வருடக் கிரயம், மை ஊறிய ஒரு வரி:
'பின்கட்டில் ரூபாய் ஏழு வாடகைக்கு இருந்துவரும்
ஆறுமுகம் பெண்சாதி பழனாத்தாளைக்
காலி செய்விக்கும் பொறுப்பு வாங்குகிறவரைச் சேர்ந்தது.'
எழுபத்தொன்றிலும் அதே வரி.
வாடகை மட்டும் பதினொன்று.

இரண்டு தடவை இந்த வீடு
அவளோடு சேர்ந்து விலைபோயிருக்கிறது.

மாவு மில் கனகராஜுக்கு எழுபத்தைந்து வயது. அவருக்குத் தெரிந்திருந்தது.
"மில்லுல ஸ்பின்னிங்குங்க. விடியக்கால ஷிப்டு.
வாடகைய வாங்க மாட்டேன்னாங்க, கோர்ட்டுல கட்டுச்சு.
நாலரைக்கு எந்திரிக்கோணும்னு
சொந்தக் காசுல கரண்டு இழுத்துச்சு.
முன்கட்டுல அரிக்கேன், பின்கட்டுல பல்பு,
கேளுங்க அந்தக் கூத்த!"
எப்போது போனாள்?
"மில்லு மூடினப்பங்க."
கல்லில் மாவைத் தட்டினார்.
"இல்லீங்... அதுக்கு முந்தியே.
செத்துச்சா, ஊருக்குப் போச்சா, தெரியலீங்க."

மின்வாரியத்தில் பெயர் மாற்ற
அவளுடைய சம்மதக் கடிதம் வேண்டும்,
இல்லையென்றால் இறப்புச் சான்று.
மாநகராட்சி ஏட்டில் மூன்று நாள் தேடினார்கள்.
அவள் சாகவில்லை.
வீட்டை ஆண்டவர்கள் அத்தனை பேரும் செத்ததற்குக்
கோபுர முத்திரையோடு காகிதம் இருக்கிறது.
அவள் மட்டும்
இரண்டு மாதத்துக்கு இருநூற்றுப் பன்னிரண்டு யூனிட்
செலவழித்துக்கொண்டிருக்கிறாள்.

உறுதிமொழி எழுதிக் கொடுத்தால் முடிந்துவிடும் என்கிறார் ஆறுச்சாமி.
மேற்படியாள் மேற்படி வீட்டில் இல்லை என்று
நான் மனதாரச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.
முத்திரைத்தாள் வாங்கி நாலு மாதமாகிறது.
பீரோவுக்குள் பழுப்பேறுகிறது.

நேற்று கணவாய்க் காற்றில் எங்கோ கம்பி அறுந்து
சந்து முழுக்க இருட்டு.
பதினொரு மணிக்குப் போன்:
"பழனாத்தா வீடுங்களா? லைன்மேன் பேசறனுங்க.
கரண்ட் வந்துருச்சா பாருங்க."

எட்டிப் பார்த்தேன்.
முன்கட்டு இன்னும் இருட்டு.
பின்கட்டில், நான் அணைக்க மறந்த பல்பு.

"வந்துருச்சுங்க" என்றேன்.