மறதிக் காரணி

டர்பன், கிளென்வுட் மேடு.
எங்கள் ஆய்வுக்கூடத்துச் சன்னலுக்கு எதிர்த்த
மொட்டைமாடியில் கோபுரம்.
அது வாய் திறந்தால்
வேறெதுவும் காதில் விழாது.

அதே அலைவரிசையில், அதே நொடியில்
இசிப்பிங்கோவில் வேனுக்குள் உட்கார்ந்து
சிபொனேலோ அனுப்புகிறான்.
ஒவ்வொரு பிட்டையும் நூற்றிருபத்தேழாய் நறுக்கி
இரைச்சலுக்கும் கீழே பரப்பி.
சோற்றில் உப்புப்போல:
கண்ணுக்குத் தெரியாது,
அவன் குறிமுறை அறிந்த நாக்குக்குத் தெரியும்.

அப்படித்தான் பாடநூல் சொல்கிறது.
பக்கத்துப் பந்தலில் ஒலிபெருக்கி அலறும்போது
உப்பாவது, ருசியாவது.

ஆகவே பழக்குகிறேன்.
முன்பே பேசிவைத்த வரிசையை அவன் அனுப்ப
ஏற்பி ஊகிக்கும், தப்பும்,
தப்பிய அளவுக்குத் திருந்தும்,
மறுபடி தப்பும்.
முப்பத்திரண்டு எடைகள்
திரையில் புழுவாய் நெளிகின்றன.
போன வாரம் வேறு சூத்திரம்:
அடி பெரிதாய் வைத்தால் இலக்கைத் தாண்டி ஓடியது,
சிறிதாய் வைத்தால் அதற்குள் கப்பல் நகர்ந்துவிட்டது.
நிஜமாகவே கப்பல்.
துறைமுகத்தில் ஒரு சரக்குக் கப்பல் திரும்பினால்
எதிரொலிகள் இடம் மாறும்,
காலையில் கற்றது மதியத்துக்கு ஆகாது.

நான்கு மணிக்குப் பிடிபட்டது.
கோபுரத்தோடு அது மல்லுக்கு நிற்கவில்லை.
அதன் ஒவ்வோர் அசைவையும் மனப்பாடம் செய்து
அச்சு அசலாய் ஓர் எதிர்ப்படி செய்து
கூட்டியது. பூச்சியம்.
மிச்சம், சிபொனேலோ.
அவனை அறிந்ததைவிட
கோபுரத்தைத்தான் அது அதிகம் அறிந்திருந்தது.

நான்கு பதினேழுக்கு மின்வெட்டு.
கோபுரத்தின் பேட்டரிகளை யாரோ திருடி ஒரு மாதமாகிறது.
அணைந்தது.
இனி தெளிவாய்க் கேட்கும் என்று
நாற்காலியில் சாய்ந்தேன்.

பிழைக்கோடு இம்மியும் இறங்கவில்லை.

கத்தியவன் போய்விட்டான்.
காதைப் பொத்திய கை இறங்கவில்லை.
இல்லாத கோபுரத்தைக் கழித்துக் கழித்து
சிபொனேலோவிலும் கொஞ்சம் கழிந்துகொண்டிருந்தது.

மறதிக் காரணியைக் குறைத்தேன்.
ஒன்றுக்கு மிக அருகே இருந்ததை
புள்ளி ஒன்பது ஒன்பதுக்கு.
சீக்கிரம் மற.
சீக்கிரம் மறப்பது
வேண்டியவனையும் கொஞ்சம் மறக்கும்;
அதற்கும் சூத்திரத்தில் ஓர் உறுப்பு உண்டு,
வகுப்பில் தாண்டிப் போயிருக்கிறேன்.

கோடு இறங்கத் தொடங்கியது, மெதுவாக.
பயிற்சி வரிசை முடிந்தது.
இனி வருவது எனக்கும் தெரியாதது.
எழுத்து எழுத்தாய்த் திரையில்:
கோகி, வேன் வேகிறது. கால் ரொட்டி,
பீன்ஸ் கறி. மிளகாய் அதிகம் பேடு.

ஓர் எழுத்துத்தான் பிழை.
ஆறரைக்கு மின்சாரம் வந்துவிடும்,
கோபுரம் வாய் திறக்கும்.
கார்ச் சாவியை எங்கே வைத்தேன்?