ஆயுள், நானோ நொடிகளில்

வில்னியஸில் எங்கள் வளாகத்துக்குச்
சூரியோதயம் என்று பெயர்.
ஆய்வகம் நிலவறையில். சன்னல் கிடையாது.
இருந்திருந்தாலும் கறுப்புத் திரை போட்டு
அடைத்திருப்போம்.
பகல் எங்களுக்குப் பிழை.

செவ்வாய்க்கிழமை பதினொன்றே காலுக்கு
மருத்துவமனை வேன் வரும்.
முன்னிருக்கையில் பனிக்கட்டிப் பெட்டி,
அதற்கு இருக்கைப் பட்டையும் போட்டிருப்பார் ஜில்வினாஸ்.
கையெழுத்து வாங்கும்போது ஒன்றே ஒன்று கேட்பார்:
'இது யாரு?'
அறுபத்து மூன்று, என்றேன்.
எனக்கும் அவ்வளவுதான் தெரியும்.

சுண்டுவிரல் நகமளவு மார்பகத் திசு.
கத்தி கடைசியாகத் தொட்ட ஓரம்
என்னைப் பார்த்தபடி.
அந்த ஓரத்தில் மிச்சம் எதுவும் இல்லையென்றால்
அவர் வீட்டுக்குப் போகலாம்.
இருந்தால்
மறுபடி மேசை, மறுபடி மயக்க மருந்து.

நான் செய்வது எளிது, சொல்வதற்கு.
ஊதா ஒளியால் ஒரு தட்டு.
உள்ளே போனது சற்றே தங்கி
நிறம் மாறித் திரும்பி வரும்.
எவ்வளவு நேரம் தங்கியது என்று எண்ணுகிறேன்.
ஒரு நொடியை நூறு கோடியாக நறுக்கினால்
அதில் இரண்டு துண்டு, மூன்று துண்டு.
நல்ல செல்லில் ஒரு கணக்கு,
கெட்டதில் வேறு கணக்கு.
எங்கள் துறையில் இதற்கு ஆயுள் என்று பெயர்.
வைத்தவர் யாரோ,
மருத்துவமனைப் பக்கமே போகாதவர்.

எங்கள் மொழியில் இந்த நோய்க்கும்
ஏரியில் பிடிக்கிற சிங்கி இறாலுக்கும்
ஒரே சொல்.
கோடையில் சதகுப்பை போட்டு அவித்து
விரல் நக்கித் தின்போம்.
இப்போது சந்தையில் யாராவது
அந்தச் சொல்லைக் கூவி விற்றால்
திரும்பிப் பார்த்துவிடுகிறேன்.

இரண்டரைக்குப் படம் விழுந்தது.
ஓரம் முழுக்கச் சிவப்பு.
சிவப்பு பொய்தான். நிறங்களைத் தேர்ந்தது நான்,
ஒரு ஞாயிற்றுக்கிழமை, காப்பி குடித்துக்கொண்டே.
இருந்தும் வயிறு நிறத்தை நம்புகிறது.
படம் அழகாகவும் இருந்தது.
அதைச் சொல்லாமல் விடுவது நேர்மையில்லை.
கத்தரித்தாற்போல் ஒரு கோடு.
கட்டுரையில் முதல் படமாக வைக்கலாம்.
என் ஒப்பந்தம் ஆகஸ்டோடு முடிகிறது.

நோய்க்குறியியலாளர் தங்குவோலேயை அழைத்தேன்.
'மெழுகு இறுக வேண்டும், சாயம் ஏற வேண்டும்.
உன் ஒளிக்குத்தான் அவசரம்.'
வைத்துவிட்டார்.

ஒன்பது நாள்.
பத்தாம் நாள் அவரே கூப்பிட்டார்.
ஓரம் சுத்தம்.
இரண்டு மில்லிமீட்டருக்கு நல்ல திசு.
'ஓரத்தைக் குறிக்க அறுவை அறையில்
புதிதாக ஒரு மை வாங்கியிருக்கிறார்கள்.
அது ஒளிர்கிறதோ என்னவோ, பார்.'

கண்ணாடித் தகட்டில் மை மட்டும், ஒரு சொட்டு.
திசு இல்லை. ஆள் இல்லை. நோய் இல்லை.
அதே சிவப்பு.

நாற்காலியில் சாய்ந்து சிரித்தேன்.
பக்கத்து அறை எய்மாந்தாஸ்
கதவைத் திறந்து பார்த்துவிட்டு
ஓசைப்படாமல் மூடினான்.
ஏழு மாத வேலை ஒரு குப்பி மையில் கரைந்தது.
அட்டவணையில், அறுபத்து மூன்றுக்கு நேராக,
தவறான நேர்மறை என்று தட்டினேன்.
எங்கோ ஒருவர்
(வயது தெரியாது, பெயர் தெரியாது)
குனிந்து காலுறை மாட்டிக்கொண்டிருக்க வேண்டும்,
வாசலில் வண்டி நின்றிருக்க வேண்டும்.

அப்போது, இயந்திரம் சொன்னது
சரியாக இருந்திருக்கக் கூடாதா
என்று நினைத்தேன்.
நினைத்தது எத்தனை நானோ நொடி,
எண்ணவில்லை.
எண்ணக்கூடிய கருவி
கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது.

மாலை, பனி கொட்டுகிறது.
டிராலிபஸ்ஸில் அட்டையைக் காட்டினால்
சிறு திரை சொல்கிறது:
இன்னும் முப்பது நிமிடம் செல்லும்.
நின்றபடியே அறுவை அறைக்கு எழுதுகிறேன்:
அறுபத்து நான்கை
மை தடவாமல் அனுப்பவும்.